அமைதிப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு இயக்கம்

அமைதிப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு இயக்கம் என்பது, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கே குந்திப்புழை ஆற்றை ஒட்டியுள்ள மழைக்காட்டை நீர்மின் அணையிலிருந்து காப்பதற்காக 1970களில் எழுந்து, 1984இல் அக்காட்டைத் தேசியப் பூங்காவாக்கிய மக்கள் இயக்கமாகும்.

இடமும் உயிர்வளமும்

சைலன்ட் வேலி என ஆங்கிலத்தில் வழங்கும் இக்காட்டின் பழம்பெயர் சைரந்திரி வனம்; விராட மன்னனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது திரௌபதி பூண்ட பெயரே சைரந்திரி. மற்றக் காடுகளில் ஓயாது கேட்கும் சிள்வண்டின் இரைச்சல் இங்குக் குறைவாக இருந்தமையே ஆங்கிலப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, இக்காட்டில் வாழ்கிறது. முள் போர்த்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையைத் தின்னும் இவ்விலங்கு தரையில் அரிதாகவே இறங்கும் என்பதால், மர உச்சிகளின் தொடர்ச்சி அறுந்தால் அதன் கூட்டங்கள் ஒன்றையொன்று அடைய முடியாமல் துண்டுபட்டுப்போகும்.

அணைத் திட்டமும் எதிர்ப்பும்

1928ஆம் ஆண்டிலேயே அணைக்கு ஏற்றதாகக் கண்டறியப்பட்ட சைரந்திரியில் நீர்மின் நிலையம் அமைக்க 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 8.3 சதுர கி.மீ. காடு மூழ்கும் என்பது பரப்பளவில் சிறிதாகத் தோன்றினாலும், மூழ்கவிருந்தது பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் ஆற்றின் இரு கரைக் காடு என்பதும், கட்டுமானத்தோடு சாலையும் குடியிருப்பும் உள்ளே நுழையும் என்பதுமே அறிவியலாளரின் அச்சமாக இருந்தன. 1976இல் சஃபர் ஃபத்தேஹல்லி தலைமையிலான பணிக்குழு திட்டத்தைக் கைவிடப் பரிந்துரைத்து, இயலாதெனில் 17 பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கலாம் என்றது. அந்த இரண்டாம் வழியையே திட்டத்தின் ஆதரவாளர்கள் பற்றிக்கொண்டனர்.

மலையாளத்தில் அறிவியலைப் பரப்புவதற்காக 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் முதலானோரின் முயற்சியால் இச்சிக்கலை ஊர்தோறும் எடுத்துச் சென்றது. மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையை அது ஒதுக்கிவிடவில்லை. உயிரியல், மின்பொறியியல், பொருளியல் ஆகிய துறையினரை ஒன்றுகூட்டி, காட்டை அழிக்காமலே மின்தேவையை நிறைவுசெய்யும் வழிகளையும் முன்வைத்தது. சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் காட்டுக்காக எழுதியும் பேசியும் மக்கள் மனத்தைத் தொட்டனர். பறவையியலாளர் சாலிம் அலியும், கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதனும் காட்டின் பக்கம் நின்றனர்.

வெற்றியும் பின்வரலாறும்

திட்டத்துக்கு எதிரான வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 1980இல் தள்ளுபடி செய்தபோதும் இயக்கம் தளரவில்லை. அவ்வாண்டு திசம்பரில் மாநில அரசு, திட்டப் பகுதியை மட்டும் விலக்கிவிட்டு எஞ்சிய காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆற்றை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க இயலாது என்பதால் எதிர்ப்புத் தொடர்ந்தது. எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின் 1983இல் திட்டம் கைவிடப்பட, 1984 நவம்பர் 15 அன்று 89.52 சதுர கி.மீ. பரப்பு முழுமையான தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டு பிரதமர் ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார்.

தமிழ்நாட்டின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவை அடுத்துள்ள இக்காடு, 1986இல் அமைந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் மையப் பகுதிகளுள் ஒன்றாகும். ஆயினும் 2000க்குப் பின், அதே ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பாத்திரக்கடவில் மற்றோர் அணைத் திட்டம் தலைதூக்கவே போராட்டம் மீண்டும் எழுந்தது; 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கி.மீ. இடைத்தாங்கு மண்டலம், அதாவது வெளித் தாக்கங்களைத் தாங்கும் காப்பு வளையம், அறிவிக்கப்பட்டது. குந்திப்புழை இன்றும் சைரந்திரியில் தடையின்றி ஓடுவதற்கு, அரசாணையோடு அதனைப் பெற்றுத் தந்தும் காவல் காத்தும் வரும் மக்களின் விழிப்பே காரணமாகும்.