பாய்க்கயிறு: பாகூர்க் கடற்கரையும் கட்டுமரப் பாய்முறையும்

பாய்க்கயிறு என்பது படகுப் பாயின் தளர்ந்த பின்முனையில் கட்டப்பட்டு, படகோட்டியின் கைக்கு வந்து சேரும் கயிறு ஆகும். இதை இழுத்தால் பாய் உட்பக்கம் வரும்; விட்டுக்கொடுத்தால் பாய் வெளியே விலகிக் காற்றைக் கொட்டிவிடும். பாய்மரத்தை நிறுத்தும் கயிறுகளை ஒருமுறை கட்டிவிட்டால் போதும். பாய்க்கயிறு அப்படியல்ல, பயணம் முடியும்வரை அதற்கு ஓய்வில்லை. சிறு படகின் வேகம், திசை, கவிழாமை மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

தோணித் தொழிலில் இக்கயிறு 'தாமான்' எனப்பட்டது. பாயை மேலேற்றும் கயிறு 'ஆஞ்சான்', பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை 'பருமல்'. இவற்றுள் தாமான் என்பது இந்துஸ்தானி வழியாக வந்த சொல். இந்தியப் பெருங்கடல் கப்பல்களில் பல மொழிக்காரர்கள் ஒன்றாக வேலை செய்ததால் உருவான கலப்புச் சொற்களில் ஒன்று. தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் வெளியிட்ட கப்பல் சொல் அகராதி இத்தகைய சொற்களைத் தொகுத்தளித்தது.

கடற்கரையும் கொம்யூன்களும்

புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களில் வில்லியனூருக்குக் கடல் இல்லை. சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும்தான் அதன் நீர்நிலைகள். பாகூர் ஏரிக்கும் நெல்வயலுக்கும் பேர்பெற்றது என்றாலும், அதன் கிழக்கு ஓரம் கடலைத் தொடுகிறது. நரம்பை, பன்னித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் அங்குள்ளன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. கப்பல்கள் வந்து ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் எதுவும் இக்கரையில் இல்லை. பெரிய கப்பல்கள் புதுச்சேரிக்கு வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டன. அலை உடையும் பகுதியைக் கடந்து சரக்கும் ஆளும் கரைசேரச் சலங்குகளும் கட்டுமரங்களும்தான் வழி. சலங்கு துடுப்பால் செல்வது. மீன்பிடிக் கட்டுமரம் துடுப்பு, பாய் இரண்டையும் நம்பியது.

இந்தக் கரையிலிருந்துதான் கட்டுமரம் என்ற சொல் உலக மொழிகளுக்குப் போனது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி இக்கரைப் படகுகளை அளந்து வரைந்தார். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். இம்மூவரில் ஹார்னெல்தான் மீனவரின் வேலையை நெருங்கி நின்று பார்த்தவர் எனலாம்.

கட்டுமரத்தில் பாய்

லேசான மரங்களைச் சீவி, வரிசையாக அடுக்கி, கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். எனவே அதில் நிரந்தரமாக ஆணியடித்துப் பொருத்தும் கருவி எதற்கும் இடமில்லை. பாய்மரம் குட்டையானது. நீண்ட மூங்கிலில் கட்டிய முக்கோணப் பாய், பட்டைச்சாயம் ஏற்றிச் செம்பழுப்பாக இருக்கும். சாயம் அழகுக்கு அல்ல, உப்பிலும் ஈரத்திலும் துணி இற்றுப்போகாமல் இருக்க. காற்றுப் பக்கவாட்டில் தள்ளாதபடி மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செங்குத்தாகச் செருகுவார்கள். திசை திருப்பப் பின்னால் துடுப்பு. பாயின் அடியில் கிடைக்கட்டை கிடையாது; மூலையிலிருந்து வரும் பாய்க்கயிறு நேரே ஆளின் கைக்கு வரும்.

விடியற்காலையில் நிலக்காற்று வெளியே தள்ளும், பிற்பகலில் கடற்காற்று கரைக்குக் கொண்டுவரும். அன்றாடத் தொழிலின் நேரக்கணக்கு இதுதான். வாடையும் கச்சானும் சோழகமும் எப்போது திரும்பும் என்பதை அறிந்தவரே பின்மரத்தில் அமர்ந்து கயிற்றைப் பிடித்தார்.

கப்பி ஏன் இல்லை?

இன்றைய சிறு பாய்ப்படகில் பாய்க்கயிறு பல கப்பிகளுக்குள் ஓடி வருகிறது. கயிற்றை இறுகப் பிடிக்கப் பல்லுள்ள பிடிப்பான் ஒன்றும் இருக்கும். கட்டுமரத்தில் பொதுவாக இவை இல்லை. கப்பி தெரியாததால் இல்லை என்று சொல்ல முடியாது. வில்லியனூர், பாகூர் வட்டாரக் கிணறுகளில் மாடு கட்டி நீர் இறைத்த கவலை ஏற்றத்தில் உருளையும் வடமும் இருந்தன. சில கல் தொலைவிலுள்ள மீனவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

காரணம் தேவையிலும் சூழலிலும் இருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 10 சதுர மீட்டர் பாயில் வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று தோராயமாக 15 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 10 மீட்டர் வேகமானால் 60 கிலோ. இந்த விசையில் ஒரு பங்குதான் பாய்க்கயிற்றில் வரும். ஆனாலும் ஈரக்கையில் மணிக்கணக்கில் அதைத் தாங்குவது கடினம். நான்கு மடங்கு கப்பி போட்டால் கையின் பாரம் கால்வாசியாகும். ஆனால் பாயை ஒரு முழம் தளர்த்த நான்கு முழக் கயிறு ஓட வேண்டும். திடீர்க் காற்றில் அந்த நேரம் கிடைக்காது. மணலும் உப்பும் சேர்ந்த மர உருளை சிக்கிக்கொண்டாலோ மரம் கவிழ்ந்துவிடும். கட்டுமரம் மூழ்காது, நிமிர்த்திவிடலாம். ஆனால் வலையும் மீனும் போய்விடும், அன்றைய வருமானமும் அவற்றோடு போகும்.

கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது வேறு வழி. உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால் ஒரே சுற்றில் கைக்கு வரும் பாரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். இழுப்பதற்கு இது உதவாது, தாங்கிப் பிடிப்பதற்குப் போதும். பிடியைத் தளர்த்தினால் கயிறு உடனே ஓடிவிடும். சொரசொரப்பான தேங்காய்நார்க் கயிற்றுக்கு இது மிகவும் பொருந்தும். பாய்க்கயிற்றை முடிச்சிட்டுக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதுதான் எந்த நாட்டுச் சிறு படகிலும் பெரிய ஆபத்து.

வெளிநாட்டுக் 'கட்டமரான்'

1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் போட்டியில் ஓட்டி வென்றார். மறுஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இவ்வகைப் படகுக்குத்தான் இன்று உலகம் கட்டமரான் என்று பெயர் சொல்கிறது. இரண்டு உடல்களைச் சட்டத்தால் இணைத்த அதற்கும் பல மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் இதைக் கடற்கரையிலிருந்தே இறக்கும் விளையாட்டுப் படகாக்கினார். வேகமும் பாய்விசையும் மிகுந்த இப்படகுகளில் பாய்க்கயிறு ஐந்தாறு மடங்கு கப்பிகளில் ஓடுகிறது. கப்பித் தொகுதியின் அடிப்பகுதி குறுக்குச் சட்டத்தில் இடவலமாக நகரும். நழுவாத செயற்கை இழைக் கயிறும் துருப்பிடிக்காத உருளையும் வந்த பிறகே இது எளிதானது.

தமிழ்நாட்டில் விளையாட்டுப் பாய்ப்படகு வேறு வழியில் வளர்ந்தது. 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் ஒற்றைப் பாய் கொண்ட லேசர் ரேடியல் வகையில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அவ்வகைப் படகில் பின்புறக் கப்பி, கிடைக்கட்டை, நடுக்கப்பி எனச் சுற்றிவரும் கயிற்றைப் போட்டியாளர் கையில்தான் பிடித்திருக்கிறார்.

மோட்டாருக்குப் பின்

1980களில் வெளிப்பொருத்து மோட்டார் பரவத் தொடங்கியதும் பாயின் தேவை குறைந்தது. காற்று திரும்பும்வரை காத்திருக்காமல் சந்தை நேரத்துக்கு மீனைக் கொண்டுவர முடிந்தது. தொழில் செய்வோருக்கு அது சிறிய ஆதாயம் அல்ல. பாய் போனதற்கு வருந்துவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் மரங்களைச் சிதறடித்தது. நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகளே மிகுதி. அதன்பின் பாய்க் கட்டுமரம் அரிதாகிவிட்டது.

ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் பாய்மரம் நடுவதற்கான குழிகூட வைக்கப்படுவதில்லை. நடுக்கடலில் எஞ்சின் பழுதானால், வேறொரு படகு வந்து கயிறு போட்டு இழுக்கும்வரை நீரோட்டத்தோடு போக வேண்டியதுதான்.