உற்பத்திப் புள்ளியும் பல்லேபொலவும்: ஆள்கூற்றுக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆள்கூற்றுத் தளத்தை அறிமுகஞ் செய்யும் ஆசிரியர் கரும்பலகையில் இரு அச்சுக்களை வரைந்து, அவை வெட்டுமிடத்தை உற்பத்தி என்கிறார். அப்புள்ளி அங்கே ஏன் அமைந்தது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. கணிதம் வரலாற்றுக்கு அப்பாற்பட்டது என்னும் கருத்துமுதல்வாத மயக்கம் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. (ஈழத்துக் கணிதத் தமிழில் இப்புள்ளிக்கும் பொருளியல் உற்பத்திக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயலே, எனினும் பயனுள்ள தற்செயல்.)

தெக்காட்டு 1637இல் வெளியிட்ட நூல் அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் இணைத்தது. இன்று நாம் வரையும் செங்குத்து அச்சுச் சோடியோ பின்வந்தோர் ஒழுங்குபடுத்தியது.

இலங்கைத் தேசப்படங்களின் நெய்யரிக்கு உற்பத்தி பிதுருதலாகல மலையுச்சி. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல அதற்கு வடமேற்கே உள்ளது. ஆகவே அதன் கிடை ஆள்கூறு மறையெண். நிலைக்குத்து ஆள்கூறு நேரெண். மறையெண்களைத் தவிர்க்க விரும்பிய நிலஅளவையாளர் மலையுச்சிக்குச் சுழியத்துக்குப் பதிலாக இரு திசையிலும் 200,000 மீற்றர் என்ற பெறுமானத்தை வழங்கினர். 1999இன் முறையில் அது 500,000 ஆயிற்று. பல்லேபொல அசையவில்லை, அதன் எண்களே மாறின. உற்பத்தி மனிதர் செய்த தெரிவு என்பதை உணர்த்த இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

நெய்யரி பிற்காலத்தது. ஆயின் நிலத்தை அளந்து விற்கும் தேவை அதற்கு முந்தியது. நிலஅளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியவை எனக் கொண்டது. சேனைப் பயிர் செய்த கண்டிய விவசாயியிடம் உறுதியும் இல்லை, வரைபடமும் இல்லை. அளக்கப்பட்ட காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இன் மாத்தளைக் கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணம். எனினும் நிலப்பறிப்பை விலக்கி அதனை விளங்கிக்கொள்ளல் இயலாது.

அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரின் பரம்பரைக்கு நேர்ந்ததும் நோக்கற்பாலது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்துரையின் கடமையாக்கியது. அரசு அப்பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1977 முதலேயாகும். இடைப்பட்ட 70 ஆண்டுகளில், அளக்கப்பட்ட நிலத்தில் உழைத்தோரின் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு அளக்கும் கலை எட்டவில்லை.

பல்லேபொல வகுப்பறையொன்றில் முதலிற் பாடசாலை வாயிலையும் அடுத்துக் கிணற்றையும் உற்பத்தியாகக் கொண்டு, அதே மரங்களை இருமுறை குறிக்கச் செய்யலாம். எண்சோடிகள் மாறியிருக்கும், மரத்துக்கு மரம் உள்ள தூரம் மாறியிராது. உற்பத்தியைத் தெரிந்தவர் யார் என்று பிள்ளைகள் அப்போது கேட்கக்கூடும்.