17,000 ரூபாய் பில்லும் மூணு தீர்ப்பும்

ஆஸ்பத்திரி பில்லைப் பத்திப் பேச்செடுத்தா நம்மாளுங்க ஆளுக்கொரு கதை வெச்சிருப்பாங்க. 'சேர்க்கும்போது 50,000னு சொன்னான், டிஸ்சார்ஜ் பண்ணும்போது 2 லட்சம்'ங்கிற ரகம். நாலு திட்டு திட்டிட்டு, டீ குடிச்சிட்டுக் கலைஞ்சுடுவோம். சரி, நோயாளிக்குன்னு இந்த நாட்டுல என்னதான் உரிமை இருக்கு, அது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பழைய கதையைப் புரட்டுவோமா? பயப்படாதீங்க, சட்ட வகுப்பெல்லாம் எடுக்கப் போறதில்லை. மூணு வழக்கு, ஒரு பில். அவ்வளவுதான்.

முதல் தீர்ப்பு 1989-ல வந்தது. ஸ்கூட்டர்ல போன ஒருத்தர் மேல கார் மோதிடுச்சு. வழியில பார்த்தவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினார். 'இது போலீஸ் கேஸு. 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கு, அங்க கொண்டு போங்க'ன்னு கையை விரிச்சுட்டாங்க. போற வழியிலேயே உயிர் போயிடுச்சு. பேப்பர்ல வந்த இந்தச் செய்தியை வெச்சு பர்மானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதல்ல உயிரைக் காப்பாத்தணும், மத்த சடங்கெல்லாம் அப்புறம்னு தீர்ப்பு வந்தது. அடிப்படை, அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமை.

நல்ல தீர்ப்புதான். ஆனா ஒரு கேள்வியை அது தொடவே இல்லை. காப்பாத்தின பிறகு காசை யார் கட்டுறது?

அந்தக் கேள்வி மூணே வருஷத்துல வந்து நின்னுச்சு. 1992 ஜூலை 8 ராத்திரி, மேற்கு வங்கத்துல மதுராபூர் ஸ்டேஷன்ல ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்ல இருந்து விழுந்தார். தலையில பலத்த அடி, மூளையில ரத்தக் கசிவு. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வசதி இல்லைன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அப்புறம் ராத்திரி முழுக்க கல்கத்தாவுல அலைச்சல். நீல்ரத்தன் சர்க்கார் ஆஸ்பத்திரி, கல்கத்தா மருத்துவக் கல்லூரி, சம்பூநாத் பண்டிட்னு ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரி வாசலா ஏறி இறங்கினாங்க. ஒரு இடத்துல படுக்கை இல்லை, ஒரு இடத்துல வசதி இல்லை. விடிஞ்சும் இதே கதைதான். கடைசியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்து, ஜூலை 22 வரைக்கும் வைத்தியம். ஆள் பிழைச்சுட்டார். பில் சுமார் 17,000 ரூபாய்.

1992-ல ஒரு கூலித் தொழிலாளிக்கு 17,000 ரூபாய்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. இலவசமா கிடைக்க வேண்டிய வைத்தியம் கிடைக்காததால வந்த பில் இது. அவர் சேர்ந்திருந்த 'பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி'ங்கிற விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரோட சேர்ந்து வழக்குப் போட்டது.

வழக்கு நடந்துட்டிருக்கும்போதே, 1995-ல இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்திய மருத்துவக் கழகம் எதிர் வி.பி. சாந்தா. டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவாங்களான்னு கேள்வி. நம்ம சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல 'வைத்தியம் அந்தச் சட்டத்துல வராது'ன்னு சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, காசு வாங்கிட்டு வைத்தியம் பார்த்தா அது சேவைதான், குறை இருந்தா நுகர்வோர் நீதிமன்றம் போகலாம்னு சொல்லிடுச்சு. ஆனா எல்லாருக்குமே முழுக்க இலவசமா வைத்தியம் பார்க்கிற இடம் இதுல வராது.

இங்கதான் வேடிக்கை. பில் கட்டினவன் நுகர்வோர், அவனுக்கு ஒரு கோர்ட்டு. எல்லாருக்கும் முழுக்க இலவசமான ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு நுகர்வோர் கோர்ட்டு இல்லை, அரசியல் சாசனம்தான் துணை. நம்ம தொழிலாளி ஒரே ராத்திரியில அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துட்டார்!

1996 மே மாசம் அவர் வழக்குல தீர்ப்பு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில அவசர வைத்தியம் மறுத்தா அது 21-வது பிரிவை மீறுறது, பணமில்லைன்னு அரசு சாக்குச் சொல்ல முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் அழுத்தமா சொன்னது. நஷ்ட ஈடு 25,000 ரூபாய். எந்த ஆஸ்பத்திரியில படுக்கை காலியா இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு மையத் தகவல் ஏற்பாடு வேணும்னும் சொன்னது.

என்னைக் கேட்டா, இந்தத் தீர்ப்போட பெருமை 25,000 ரூபாய்ல இல்லைங்க. ஏழையோட கையில திணிக்கப்பட்ட பில்லுக்கு அரசும் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டதுலதான் இருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு வழக்குப் போட்டு வாங்கினது எல்லாருக்கும் திட்டமா வர எவ்வளவு நாளாச்சு தெரியுமா? தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' ஆரம்பிச்சாங்க. சாலை விபத்துல அடிபட்டா முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான். வெளிமாநிலத்துக்காரருக்கும் உண்டு. நாடு முழுக்கன்னு பார்த்தா 2025 மே மாசம்தான் வந்தது. 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரைக்கும். 1989-ல கேட்காம விட்ட கேள்விக்கு 36 வருஷம் கழிச்சுப் பாதி பதில்.

ஏன் பாதி? ரெண்டுமே சாலை விபத்துக்கு மட்டும்தான். அந்தத் தொழிலாளி விழுந்தது ரயில்ல இருந்து. இன்னிக்கு அவர் விழுந்தாலும் இந்த ரெண்டு திட்டத்துலயும் வர மாட்டார்.

திட்டமிட்ட ஆபரேஷனுக்கு வர்ற திடீர் பில் விஷயமும் இப்படி அரையும் குறையுமாத்தான் நகருது. 2017 பிப்ரவரியில இதய ஸ்டென்ட்டுக்கு விலை வரம்பு போட்டாங்க. மருந்து பூசினது 29,600, சாதாரணம் 7,260. ஒரு பொருளோட விலையைக் கட்டிப் போட்டாங்க, மொத்த பில்லை இல்லை. அப்புறம் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளி உரிமைப் பட்டியல். கட்டண விவரம் கேட்கலாம், மருந்தையும் டெஸ்ட்டையும் வெளியில பார்த்துக்கலாம், பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடிச்சு வைக்கக் கூடாது. 2019-ல மத்திய அரசு இதை அமல்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது. கடிதம்தான், சட்டம் இல்லை.

ஆனாலும் அந்தப் பட்டியலைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க மக்களே. சேர்க்கும்போதே உத்தேசச் செலவை எழுத்துல கேளுங்க. கடைசியில ஒவ்வொரு அயிட்டமும் தனித்தனியா போட்ட பில் கேட்டு வாங்குங்க, ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. அந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனப்போ, அவங்க கையில எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போனோம்ங்கிற விவரம் வரிசையா இருந்துச்சு.