கனமும் நாதமும்

எங்கள் போடிநாயக்கனூரில் எந்தப் பொருளையும் முதலில் கையால் தூக்கிப் பார்ப்பது வழக்கம். ஏலக்காய் வணிகம் கற்றுத் தந்த வழக்கம் அது. ஏலக்காயின் தரத்தை நிறத்தையும் பருமனையும் கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் இட்டு நிறுத்து, எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 'லிட்டர் எடை' என்பது அதன் பெயர். 400 கிராமைத் தாண்டினால் வாங்குவோர் முகம் மலரும். குறைந்தால், விதை முற்றவில்லை, வெறும் தோல்தான் என்று கையை உதறிவிடுவார்கள்.

அத்தகைய ஊரில், சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மெல்லிசைக் குழுவிற்கு ஒரு புதிய ஆம்ப்ளிபயர் வந்து சேர்ந்தது. பேஸ் கித்தாருக்கென்றே அமைந்த கருவி. அகராதிப் புத்தகம் ஒன்றின் அளவு. இரண்டரைக் கிலோ எடை. குழுவிலிருந்த ஒவ்வொருவரும் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர்கூட உடனே நல்ல வார்த்தை சொல்லவில்லை. "உள்ளே ஏதாவது இருக்கிறதா, அண்ணே?" என்று கேட்டார் எங்கள் தவில் வித்துவான். பலா மரத்தைக் குடைந்து செய்த கருவியை நாற்பதாண்டுகள் தோளில் சுமந்தவர் அவர். கனம் இல்லாத இடத்தில் நாதம் இராது என்பது அவருடைய அனுபவம்.

நான் பகலில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவன். இரவில் பேஸ் கித்தார் வாசித்தவன். இரண்டு தொழிலிலும் எடையோடு மல்லுக்கட்டிய காரணத்தால், இச்சிறு பெட்டியின் வரலாற்றைச் சொல்லும் உரிமை எனக்குச் சிறிது உண்டு என்று கருதுகிறேன்.

எங்கள் மலைச்சரிவின் வரலாறே சுமையின் வரலாறுதான். மூணாற்றுத் தேயிலை 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908 முதல் சிறு இரயிலிலும் 'டாப் ஸ்டேஷன்' வரை வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு வண்டியேறிப் போடிக்கு வந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு இரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது 1928-இல். இவையெல்லாம் பெரும்பாலும் மலையிலிருந்து பொருளை இறக்குவதற்கு எழுந்த ஏற்பாடுகள். மேலே ஏற வேண்டியவற்றைக் கழுதையும் பொதிமாடும் மனிதர் தலையுமே நெடுங்காலம் சுமந்தன. இசையும் அப்படித்தான் ஏறியது. தலையில் சுமக்கக்கூடிய அளவே ஏறியது.

1958-இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடிச் சென்றவர் பாவலர் வரதராசன். தேவாரத்தையடுத்த பண்ணைப்புரம் அவருடைய ஊர். அவரோடு ஆர்மோனியமும் பாட்டுமாகச் சுற்றிய தம்பியரில் ஒருவரே பிற்காலத்தில் இளையராஜா என்று உலகறிந்தவர். அத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அக்காலத்தில் இத்தகைய கூட்டங்களுக்கு உற்ற துணையாக இருந்தது கூம்பு ஒலிபெருக்கி, எங்கள் ஊர்ப் பேச்சில் 'குழாய்'. ஓர் ஆள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். அடுத்த மலையில் இருப்பவனுக்கும் பாட்டின் சொல் கேட்கும்.

ஆனால் அந்தக் குழாயிடம் ஒரு குறை உண்டு. கூம்பின் நீளமும் வாயும் எவ்வளவோ, அதற்கு ஏற்ற தாழ்ந்த ஒலியைத்தான் அது வெளியிட வல்லது. அதற்குக் கீழே உள்ள சுரங்களை அது விழுங்கிவிடும். மனிதக் குரலின் சொல்லுக்கு அது போதும். பேஸ் கித்தாரின் அடித்தந்தியோ விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அதன் ஒலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். தோளில் மாட்டும் குழாயிலிருந்து அந்த அலை எழ வழியே இல்லை.

இதில் என்ன இழப்பு என்று மாணவர்கள் கேட்கலாம். இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' படத்திற்கு இசையமைத்தார். பிறகு வந்த அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் வெறும் தாளத்துணையாக நிற்பதில்லை. பாட்டுக்கு அடியில் மற்றொரு பாட்டாகவே நடக்கிறது. 1982-இல் வெளிவந்த 'நினைவெல்லாம் நித்யா' படப் பாடல்களை நல்ல கருவியில் ஒரு முறை கேளுங்கள். நான் சொல்வது விளங்கும். அப்பாடல்களை எங்கள் மலைத் தோட்டத்து மக்கள் குழாயில்தான் கேட்டார்கள். தங்கள் அடிவாரத்தில் பிறந்தவர் அமைத்த இசையில் பாதி அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. எனக்கு இது நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

பேஸ் கித்தாரும் சுமைக்கு அஞ்சிப் பிறந்த கருவியே. அதற்கு முன்பு தாழ்ந்த சுரங்களுக்கு ஆளுயர 'டபிள் பேஸ்' என்னும் வயலின் இனக் கருவி இருந்தது. அதைத் தூக்கிச் செல்வதும் துன்பம்; மற்ற வாத்தியங்களின் நடுவே அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவில் எவரெட் ஹல் என்னும் பேஸ் கலைஞர், அக்கருவி தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தினார். 'ஆம்ப்பெக்' என்ற பெயரே அந்த முளையிலிருந்து வந்ததுதான். லியோ ஃபெண்டர் 1951-இல் கையில் மாட்டி வாசிக்கும் 'பிரிசிஷன்' பேஸ் கித்தாரை வெளியிட்டார். கருவி சிறுத்தது. ஆயினும் சுமை ஒழிந்ததா? இல்லை; கருவியிலிருந்து நழுவி ஆம்ப்ளிபயரில் ஏறிக்கொண்டது. 1969-இல் ஆம்ப்பெக் நிறுவனம் செய்த 300 வாட் வால்வு ஆம்ப்ளிபயரின் தலைப்பெட்டி மட்டும் ஏறக்குறைய 38 கிலோ. எட்டு ஒலிபெருக்கிகள் அடங்கிய அதன் கீழ்ப்பெட்டி அதைவிடக் கனம்.

இவ்வளவு கனம் எதற்கு? நம் காது தாழ்ந்த சுரங்களை எளிதில் கேட்பதில்லை. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே குரலுக்குச் சில வாட் போதும் இடத்தில் பேஸுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது இரும்புக் கருவுள்ள மின்மாற்றி. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 நடை நடக்கிறது. ஐம்பதே நடையில் அத்தனை சுமையையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொரு நடைக்கும் பெரிய மூட்டை வேண்டும். அம்மூட்டைதான் மின்மாற்றியின் இரும்பு.

எங்கள் குழுவின் பழைய பெட்டியை 1986-இல் மதுரையில் செய்வித்தோம். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர் 24 கிலோ. பதினைந்து அங்குல ஒலிபெருக்கி அடங்கிய பலகைப் பெட்டி 52 கிலோ. சமவெளித் திருவிழாக்களில் அதற்கு நல்ல பெயர். மலைக்கு அழைப்பு வந்தால்தான் வழக்கு எழும். முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு. அதற்கு அப்பால் தோட்டத்துப் பாதை. செல்வது ஒரே ஜீப்பு. பாடகர் இருவர், தவில், தபேலா, ஆர்மோனியம், குழாய்கள், அவற்றோடு நான். ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: "அண்ணே, அந்தப் பொட்டியை எறக்கினா ரெண்டு ஆளு ஏறலாம்ணே." கீழிருந்து மேலே வேலைக்குப் போகக் காத்து நிற்கும் பெண்களை அவர் காட்டுவார். நான் என்ன மறுமொழி சொல்ல முடியும்? பெட்டி இறங்கும். மேடையில் என் கித்தாரைக் குழாய்களோடு இணைத்துவிடுவார்கள். நான் வாசிப்பது எனக்கே கேட்காது. விரல் அசைவதைப் பார்த்து, வாசிக்கிறேன் என்று நானே நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கனத்தைக் குறைக்கும் முயற்சி பழையது. இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளேர் 1964-இலேயே டிரான்ஸிஸ்டரை முழுதும் திறந்து முழுதும் மூடும் புதுவகை ஆம்ப்ளிபயரை விற்றார். அது சொன்னபடி உழைக்கவில்லை. அமெரிக்காவில் வால்ட்டர் வுட்ஸ் 1970-களில் செய்த சிறு பெட்டிகளை ஜாஸ் கலைஞர்கள் விரும்பி வாங்கினர். ஆயினும் நல்ல டிரான்ஸிஸ்டர்கள் வந்த பின்னரே வழி அகலமாயிற்று.

முறை இதுதான். வயல் மடைப் பலகையைப் பாதி திறந்து வைத்தால் நீர் அதில் மோதிச் சுழன்று வலுவிழக்கும். பழைய ஆம்ப்ளிபயரின் டிரான்ஸிஸ்டர் அவ்வாறு பாதி திறந்தே நின்று ஆற்றலை வெப்பமாக்கியது. அவ்வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடுகள் வேண்டியிருந்தன. புதியதில் மடை முழுதும் திறக்கும், முழுதும் மூடும். விநாடிக்குப் பல லட்சம் முறை. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே இசையின் அலையாகிறது. மின்வழங்கியும் ஐம்பது நடையை விட்டு லட்சம் நடை நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் ஒரு கரண்டியளவு சுமை போதும். 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் ஒலிபெருக்கியின் எடையையும் குறைத்தது. எங்கள் புதிய ஒலிபெருக்கிப் பெட்டி 14 கிலோ.

இனி வாசிப்பவர்கள் சொன்னது. கம்பத்திலிருந்து வரும் மூத்த பேஸ் கலைஞர், "காதில் விழுகிறது, நெஞ்சில் விழவில்லை" என்றார். டிரம் வாசிக்கும் இளைஞன், தன் முதுகில் வந்து மோதும் காற்று இப்போது வரவில்லை என்று குறைப்பட்டான். அவனைவிட இளைய கித்தார்க்காரனுக்கோ அளவற்ற மகிழ்ச்சி. இரு சக்கர வண்டியில் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான், சுரமும் தெளிவாகக் கேட்கிறது என்றான். பழுதுபார்ப்பவர் மட்டும் பெட்டியைத் திறந்து பார்த்து, சலித்தபடி மூடினார். பழையதில் எது கருகினாலும் மாற்றிவிடுவார். இதிலுள்ள உறுப்புகள் கடுகளவு. கெட்டால் பலகையோடு மாற்ற வேண்டும், அதுவும் தொலைவிலிருந்து வரவழைத்து. இக்குறைக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

நெஞ்சில் விழவில்லை என்ற குறையை நான் சோதிக்க விரும்பினேன். ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் பழைய ஆம்ப்ளிபயரையும் புதியதையும் வேட்டியால் மூடி வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பழைய பெரிய ஒலிபெருக்கியிலேயே இணைத்தேன். மெல்ல வாசித்தபோது எது எதென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கம்பத்துக்காரர் மூன்று முறை தவறாகச் சொன்னார். உரக்க வாசித்தபோதே வேறுபாடு தெரிந்தது. பழையது தன் எல்லையைத் தொட்டுச் சற்றே உருக்குலைந்து தடித்தது. அத்தடிப்பையே நாங்கள் கனம் என்று இத்தனை காலமும் எண்ணியிருக்கிறோம். வால்வுக் கருவிகளிடம் அப்பண்பு இன்னும் இனிமையாக அமையும். மற்றபடி, காற்றைத் தள்ளுவது ஒலிபெருக்கியின் பரப்பே. சிறு பெட்டி சிறிதளவே தள்ளும். ஆகையால் அந்த மூத்தவர் கேட்டது பொய்யன்று; குற்றத்தைச் சாட்டிய இடமே தவறு.

அந்த ஆண்டுப் பங்குனியில் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் விழா. மலையில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு 'லயம்' என்று பெயர். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் மருவியது என்பார்கள். தாளம் பயின்றவனுக்கு அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். லயத்தின் எதிரே மேடை. இரவில் மின்னழுத்தம் வழக்கம்போல் தாழ்ந்து, விளக்குகள் மங்கின. பழைய பெட்டியாயிருந்தால் உறுமத் தொடங்கியிருக்கும். இது அசையாமல் பாடியது. இளையராஜாவின் பாட்டொன்று தொடங்கி அடித்தந்தியை நான் தொட்டபோது, லயத்தின் தகரக் கூரை மெல்ல அதிர்ந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு மேடையருகே வந்து, "தம்பி, இந்தப் பாட்டு எனக்குத் தெரியுமே, இது எங்கே இருந்துச்சு அதுல?" என்று கேட்டார். என் கித்தாரைக் காட்டினேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்தார்.

விடியற்காலையில் ஜீப்பில் ஏறினோம். பெட்டி என் காலடியில் அடங்கிவிட்டது. போடியில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய இரண்டு பெண்கள் எங்களோடு இறங்கி வந்தார்கள்.