வன்னிக் காடும் தேசிய வனங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதியில், வவுனியாவுக்கு வடக்கே, புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் கனகராயன்குளம். குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் வன்னிக் கிராம அமைப்பை இவ்வூரிலும் காணலாம். வட இலங்கையின் தேசிய வனங்களைக் காண வாகனங்களிற் புறப்படுவோருட் பலர் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். தெற்கே அநுராதபுரம் சென்று மேற்கே திரும்பினால் வில்பத்து. வவுனியாவிலிருந்து மன்னார்த் திசையிற் சென்றால் மடு வீதி வனம். வடக்கே சென்று கிழக்கே திரும்பினால் சுண்டிக்குளம். குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தால் நெடுந்தீவு. இவற்றுள் எதனைத் தெரிவது என்பது பயணியின் வினா. ஆயின், பயணி தெரிவதற்கு முன்னரே இக்காடுகள் வேறு சிலரால் தெரியப்பட்டுவிட்டன. அவ்வாறு தெரிந்தோர் யாவர், எந்நோக்கத்தோடு தெரிந்தனர், அதனால் விளைந்தவை யாவை என்பன ஆராயத்தக்கன.

வன்னிக் காடு ஆதியில் மனிதவாழ்வுக்குப் புறம்பான நிலமாக இருந்ததில்லை. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த அக்காட்டினிடையே குளங்கள் கட்டப்பட்டன. குளங்களின் கீழ் வயல்கள் விளைந்தன. தேனும் விறகும் மருந்து மூலிகையும் காட்டிலிருந்தே பெறப்பட்டன. யானை அக்காலத்தில் வன்னியின் பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வன்னித் தலைவர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். அவை ஆழங்குறைந்த நீர்ப்பரப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட இடமே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்ட யானைகள் கோல்கொண்டா, வங்காளம் முதலிய தேசங்களின் வணிகர் மூலம் கடல் கடந்து சென்றன. 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் தோல்வியுற்றதோடு வன்னியில் பிரித்தானியர் ஆட்சி உறுதிப்பட்டது. காடு பற்றிய நோக்கும் மாறலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும் காடு வேட்டைக்களமாகவே தோன்றியது. யானையைக் கொன்றவருக்கு அரசு பரிசுப்பணம் வழங்கிய காலமும் இருந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்பார் தனியொருவராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது பதிவாகியுள்ளது. விலங்குகள் அருகவே வேட்டைக்காரரிடையே அச்சம் தோன்றியது. 1894ஆம் ஆண்டில் இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. வேட்டை தொடர்ந்து நிலைபெற வேண்டுமாயின் விலங்குகள் அழியாதிருத்தல் வேண்டும் என்பதே அக்காலப் பாதுகாப்பின் தொடக்க நியாயம். 1900இல் யாலவும் 1905இல் வில்பத்தும் ஒதுக்கிடங்களாயின. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தையொட்டி, 1938இல் இவ்விரண்டும் தேசிய வனங்களாயின. 1872இல் அமெரிக்காவில் யெலோஸ்டோன் அமைக்கப்பட்டபோது உலகிற் புகுந்த கருத்து இவ்வாறு இலங்கையிலும் வேரூன்றியது.

அதே 1938ஆம் ஆண்டில் சுண்டிக்குளமும் பாதுகாப்புப் பெற்றது. ஆயின் தேசிய வனமாகவன்று, சரணாலயமாக மட்டுமே. இவ்வேறுபாடு பெயரளவினதன்று. தேசிய வனம் முற்றிலும் அரசு நிலத்தில் அமைவது. அனுமதி பெற்று, வனவிலங்குகளைக் காணும் பொருட்டே அதனுட் புகலாம். சரணாலயத்தினுள்ளோ தனியார் நிலமும் அடங்கலாம். அங்குள்ளோர் தம் மரபுவழித் தொழில்களைத் தொடரவும் இடமுண்டு. கொக்கிளாய் 1951இலும், மன்னாரின் கட்டுக்கரைக்குளம் 1954இலும், மடு வீதி 1968இலும் சரணாலயங்களாயின. தெற்கின் காடுகள் தேசிய வனங்களாகப் புகழ்பெற, வடக்கின் காடுகளும் களப்புகளும் நெடுங்காலம் சரணாலயம் என்னும் நிலையிலேயே நின்றன. அந்நிலையில் மீன்பிடிப்போனும் கால்நடை மேய்ப்போனும் முற்றாக விலக்கப்படாதிருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1980களில் தெரிவின் நியாயம் மீண்டும் மாறியது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1983இல் மாதுறு ஓயாவும் 1984இல் வஸ்கமுவவும் தேசிய வனங்களாயின. வன்னியிலோ அக்காலத்திற் போர் மூண்டது. வில்பத்து 1988இல் மூடப்பட்டு, 2003இலேயே மீளத் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வனத்தினுள் கண்ணிவெடியிற் சிக்கிப் பயணிகள் சிலர் உயிரிழந்தனர். வில்பத்துக் காட்டினூடே செல்லும் பயணமொன்றைத் தம் நாவலிற் சித்திரித்த நிகால் டி சில்வாவும் அவர்களுள் ஒருவர். மீண்டும் மூடப்பட்ட அவ்வனம் 2010இல் திறக்கப்பட்டது. கனகராயன்குளத்தின் நிலையும் இதனின் வேறன்று. 1997இல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை வீதியைத் திறக்கும் பொருட்டுத் தொடங்கிய படைநடவடிக்கை இப்பகுதியைப் போர்க்களமாக்கியது. வீதி 2002இல் திறந்து 2006இல் மூடியது. மக்கள் ஊரை விட்டு அகன்றபோது காடு வயலுக்குட் புகுந்தது. திரும்பி வந்தோர் வெடிபொருள் அகற்றப்படும்வரை தம் நிலத்தில் கால்வைக்க இயலாதிருந்தனர்.

போர் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின், 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம்பாலம் ஆகிய நான்கும் தேசிய வனங்களாக அறிவிக்கப்பட்டன. வடக்கின் இயற்கைச் செல்வம் நாட்டின் முதன்மைச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது என்ற வகையில் இது வரவேற்கற்பாலதே. எனினும், இடம்பெயர்ந்து அலைந்தோர் தம் வாழ்வைச் சீர்செய்யத் தொடங்கிய வேளையிலேயே எல்லைகள் வரையப்பட்டன. வில்பத்தின் வடக்கே, 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் மீளக் குடியமர்ந்தபோது எழுந்த பிணக்கும் இத்தகையதே. ஆள் இல்லாத காலத்தில் வளர்ந்த மரம் காட்டின் உரிமைக்குச் சான்றாகுமா, அன்றேல் அகன்றவனின் இழப்புக்குச் சான்றாகுமா என்னும் வினாவுக்கு வரைபடம் மட்டும் விடை தராது.

இவ்விடத்துத் தமிழகத்தின் வேடந்தாங்கல் ஒப்பு நோக்கத்தக்கது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாதலை உணர்ந்த அவ்வூர் மக்கள், சட்டம் தோன்றுமுன்னரே அப்பறவைகளைக் காத்தனர். 1798இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்றார். அங்கே ஊர் தெரிந்தது, அரசு ஒப்பியது. காப்போனின் நலமும் காக்கப்படுவதன் நலமும் ஒன்றானமையால் அக்காவல் நிலைத்தது.

இவ்வரலாற்றை அறிந்த பயணியின் தெரிவு சற்று வேறுபடும். சிறுத்தையையும் கரடியையும் காண விழைவோருக்கு வில்பத்து ஏற்றது. வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளை விலங்குகள் நாடும் கோடையும், கரடியை ஈர்க்கும் பாலைப்பழக் காலமும் அதற்கு உகந்தவை. குதிரைகளைக் காண நெடுந்தீவு செல்லலாம். ஐரோப்பியர் ஆட்சியில் அங்கு வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை அவை எனக் கருதப்படுகிறது. மாரியின் பின் வலசை வரும் நீர்ப்பறவைகளைக் காணச் சுண்டிக்குளமே சிறந்தது.

கனகராயன்குளத்திலிருந்து சுண்டிக்குளத்துக்கு வீதியேயன்றி மற்றொரு வழியும் உண்டு. வவுனியாவின் வடபகுதியில் தோன்றும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கிப் பாய்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தை நிரப்பி, கிளிநொச்சியின் வயல்களுக்கு நீரீந்து, எஞ்சிய நீரோடு சுண்டிக்குளக் களப்பிற் கலக்கிறது. உழவன் வயலுக்குப் பாய்வதும் பூநாரை நிற்கும் களப்பை அடைவதும் ஒரே ஆற்றின் நீரே. மேற்காடு அழியின் குளம் தூர்ந்துபோம். குளம் தூரின் வயலும் களப்பும் ஒருங்கே கெடும். ஆதலின், எல்லைக்கல்லுக்கு அப்பாலுள்ளது மட்டுமே வனம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. களப்பிற் பறவை காணச் செல்வோர், அந்நீர் புறப்பட்ட காட்டோரத்திற் குளங்காத்து வாழ்வோரையும் அக்களப்பிலே வலைவீசி வாழ்வோரையும் கண்டு வருதல் வேண்டும். எல்லை வரைவோரும் அவர்களிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.