பேரல்ல போட்ட கரிமூட்டம்

போன பொங்கலுக்கு மகன் மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்க ஊர்ல கறி எடுக்காத வீடு இருக்காது. நான் ஆட்டுத்தொடையைத் துண்டு போட உட்கார்ந்தப்ப, "அப்பா, வெட்டாதீங்க, முழுசா இருக்கட்டும்"னு போனை நீட்டினான். அமெரிக்காவில டெக்சாஸ்ல ஒருத்தர் எண்ணெய் பேரலை நிக்க வச்சு, அடியில கரி போட்டு, மேல கம்பியில கறியை வச்சு மூடிப் புகைச்சுக்கிட்டு இருந்தார். "அது இருக்கட்டும், அவர் வாசனைக்குப் போடுற விறகைப் பாருங்க"ன்னான் மகன்.

பார்த்தேன். அந்த இலை, அந்த முள்ளு, அந்தக் காய் எல்லாம் எங்க தெற்கு வயல்ல ரெண்டு ஏக்கரை விழுங்கிட்டு நிக்கிற சீமைக் கருவேலம் மாதிரியே இருந்துச்சு. அங்க அதுக்குப் பேரு மெஸ்கீட். சின்னச் சின்னத் துண்டா வெட்டி, பையில அடைச்சு, காசுக்கு விக்கிறாங்க. நம்ம கருவேலமும் டெக்சாஸ் மெஸ்கீட்டும் ஒரே புரோசோபிஸ் குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் இந்த மரத்தைத் திட்டாத விவசாயி கிடையாது. அதை அங்க காசு கொடுத்து வாங்குறாங்கன்னதும் எனக்குத் தூக்கம் வரல. நானும் மகனுமா உட்கார்ந்து தேடித்தேடிப் படிச்சோம். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல நம்ம வழக்கம். எங்க கரையில கறியையும் மீனையும் கெடாம வைக்கப் புகை பெருசா தேவைப்பட்டதே இல்ல. வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. உப்புக்கும் பஞ்சம் கிடையாது, வாலிநோக்கத்துல அரசாங்கமே உப்பளம் நடத்துது. மீன் மிஞ்சினா கருவாடு. கறி மிஞ்சினா உப்புக்கண்டம். எங்க அப்பத்தா ஆட்டுக்கறியை விரல் நீளத்துக்கு வகுந்து, உப்பு, மஞ்சள், அரைச்ச குண்டு மிளகாய் தடவி, நூல்ல கோர்த்து முற்றத்துல கட்டிவிடும். நாலஞ்சு நாள்ல மரக்கட்டை மாதிரி ஆயிடும். மழைக்காலம் வந்தா அந்தச் சரத்தை எடுத்து அடுப்புக்கு மேல இருக்கிற பரண்ல தொங்கவிடும். விதைச் சுரைக்காயும் அங்கதான் தொங்கும். புகை படுற இடத்துல பூச்சி வராதுன்னு அதுக்குத் தெரியும்.

வெயிலோட புகையையும் சேர்த்துக்கிட்ட ஊர் மாலத்தீவு. அங்க சூரை மீனைத் துண்டு போட்டு, வேக வச்சு, புகை காட்டி, அப்புறம் காய வைப்பாங்க. அதுதான் மாசி. 14ஆம் நூற்றாண்டுல மாலத்தீவுல தங்கியிருந்த இபுன் பதூதா, மீனை லேசா வேக வச்சு ஓலைக் கூடையில போட்டுப் புகையில தொங்கவிடுறதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போறதையும் எழுதி வச்சிருக்கார். அவர் அப்புறம் மதுரைக்கும் வந்து போனவர். இலங்கையில மாசி போடாத சம்பலுக்கு மரியாதை இல்ல. எங்க கரையோர ஊர்கள்லயும் மாசி தெரியாதவங்க இல்ல. ஆக, புகைச்ச மீனைச் சாப்பிட்ட நாக்குதான் நம்மது. பார்பிக்யூன்னு பேரு மட்டும்தான் புதுசு.

அந்தப் பேரோட கதையும் நல்ல கதைதான். கரீபியன் கடல் தீவுகள்ல இருந்த தாயினோ மக்கள், குச்சிகளை நட்டு மேல ஒரு தட்டு கட்டி, கீழே தீ மூட்டி மீனையும் கறியையும் வாட்டுவாங்க. அந்தத் தட்டைத்தான் ஸ்பெயின்காரங்க 16ஆம் நூற்றாண்டுல பர்பக்கோவான்னு எழுதினாங்க. அதுவே பார்பிக்யூ ஆச்சு. குச்சி கட்டி உசரத்துல வைக்கிற தட்டுக்கு நம்ம ஊர்ல பேரு பரண். அப்பத்தா உப்புக்கண்டம் தொங்கவிட்ட இடமும் அதுதான்.

இப்ப மரத்துக்கு வருவோம். 1876ல தாது வருஷப் பஞ்சம் மெட்ராஸ் மாகாணத்தையே புரட்டிப் போட்டுச்சு. அந்தக் காலத்துலதான், வறண்ட பூமியில விறகுக்கு ஆகும்னு வனத்துறை அதிகாரி பெட்டோம் இந்த விதையைக் கேட்டு வாங்கினார். 1877 வாக்குல கடப்பைப் பக்கம் விதை வந்து இறங்கிச்சு. எங்க இருந்து தெரியுமா? ஜமைக்காவில இருந்து, அதே கரீபியன் கடல்ல இருந்து. பார்பிக்யூங்கிற பேரு பிறந்த தண்ணியில இருந்துதான் நம்ம கருவேலமும் கப்பல் ஏறியிருக்கு.

எங்க பக்கம் இது காடாப் பெருகினது சுதந்திரத்துக்கு அப்புறம்தான். எங்க அப்பா சின்னப் பிள்ளையா இருக்கும்போது வேலிக்குன்னு ஓரத்துல போட்டாங்களாம். ஆடு காயைத் தின்னு புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைச்சுச்சு. கண்மாய்க்குள்ள நுழைஞ்சுச்சு. வானம் பார்த்த பூமி, ஒரு போகம் நெல்லு, இல்லாட்டி மிளகாய். ரெண்டு வருஷம் மழை பொய்ச்சு வயலைத் தரிசாப் போட்டா, மூணாவது வருஷம் அது வயல் இல்ல, காடு. எங்க ரெண்டு ஏக்கரும் அப்படிப் போனதுதான்.

விளைச்சல் போனவங்களுக்குச் சோறு போட்டதும் அதே மரம்தான். அதான் கரிமூட்டம். வெட்டின விறகை வட்டமா அடுக்கி, மேல வைக்கோலோ தழையோ போட்டு, மண்ணால பூசி மூடித் தீ வைப்பாங்க. எரியவிட்டா சாம்பல்தான் மிஞ்சும். காத்தை இழுத்துப் பிடிச்சு, சுத்தி சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒன்ன அடைச்சு ஒன்னத் திறந்து, நாள் கணக்கா ராப்பகலாக் காவல் இருக்கணும். பூச்சு எங்கயாவது வெடிச்சா உடனே மண்ணை அப்பணும், அசந்தா மொத்தமும் போச்சு. நாலு டன் விறகு போட்டா ஒரு டன் கரி கிடைச்சாலே நல்ல மூட்டம். அந்தக் கரி லாரி லாரியா வெளி மாநிலம் வரைக்கும் போகுது. உங்க ஊர்ல தந்தூரி அடுப்புலயும் பார்பிக்யூ கடையிலயும் கனியுற கரியில எங்க ஜில்லாக் கரி நிறைய உண்டு.

மீதி இருக்கிறது பேரல். இரும்பு பேரலுக்கு 1905ல அமெரிக்காவில காப்புரிமை வாங்கினது, நெல்லி பிளைங்கிற அம்மா நடத்தின கம்பெனி. 72 நாள்ல உலகத்தைச் சுத்தி வந்த பத்திரிகைக்காரர் இவர். அந்தப் பயணத்துல 1889ல நமக்கு எதிர்க்கரையில கொழும்புலயும் சில நாள் தங்கியிருக்கார். எண்ணெய் போன ஊருக்கெல்லாம் பேரலும் போச்சு. காலியானதை ஜமைக்காக்காரங்க நெடுக்கா அறுத்துக் கறி சுட்டாங்க, டிரினிடாட்காரங்க தட்டி மேளம் ஆக்கினாங்க. நாம தண்ணி பிடிச்சு வச்சோம்.

நாங்க செஞ்ச விதத்தையும் சொல்லிடுறேன். 200 லிட்டர் பேரல், சமையல் எண்ணெய் வந்தது. பெயிண்ட், கெமிக்கல் வந்த பேரலை இதுக்குத் தொடவே கூடாது. உள்ள விறகைப் போட்டு ரெண்டு மணி நேரம் எரிச்சு, பூச்சைச் சுரண்டிக் கழுவி, கடலை எண்ணெய் தடவித் திரும்பக் காய வச்சோம். அடியில இருந்து நாலு விரல் மேல, சுத்தி மூணு ஓட்டை. பட்டறையில சொல்லி ஒவ்வொன்னுலயும் முக்கா இஞ்சு இரும்புக் குழாய் வச்சு, திருகுற மூடி போட்டோம். கரிக்குக் கம்பிக் கூடை, அதுல இருந்து ரெண்டடி உசரத்துல சல்லடை. ரெண்டுமே வெறும் இரும்பு. துத்தநாகம் பூசின ஜி.ஐ. கம்பி சூட்டுல விஷப்புகை விடும், வேணாம். மூடியில ரெண்டு இஞ்சு புகைபோக்கி, பக்கத்துல ஒரு சூடு மானி.

முதல் நாள் கெட்டுச்சு. அவசரத்துல பச்சைக் கருவேலத்தைப் போட்டுட்டேன். வெள்ளை வெள்ளையாப் புகை கக்கிச்சு, கறி தார் மாதிரி கறுத்து, வாயில வச்சா கசப்பு. பேரக்குழந்தை துப்பிட்டான். அப்ப எங்க ஊர்ல 30 வருஷமா மூட்டம் போடுற அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். பேரலை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "என்னப்பா, தகரத்துல மூட்டம் போட்டிருக்க?"ன்னு சிரிச்சார். அவரே கூடையில கரியைக் கொட்டி ஓரமா மட்டும் பத்த வச்சார். காய்ஞ்ச கருவேலக் கட்டை ரெண்டே ரெண்டு. ரெண்டு குழாயை மூடி, ஒன்னைப் பாதி திறந்தார். "வெள்ளைப் புகை ஈரம்டா தம்பி. அது அடங்கி ஊதாவா, நூல் மாதிரி வரணும். அப்பத்தான் வைக்கணும்"னார்.

மகன் என்னைப் பார்த்தான். டெக்சாஸ்காரரும் போன்ல இதையேதான் சொன்னாராம், மெல்லிசா நீலப் புகை வரட்டும்னு. மூட்டத்துல புகை நீலமானா கரி ஆயிருச்சுன்னு அர்த்தம், பேரல்ல நீலமானா கறியை வைக்கலாம்னு அர்த்தம். சூடு 110ல இருந்து 130 டிகிரிக்குள்ள நிக்க, அவர் குழாய் மூடியைத் திருகினதைத் தவிர வேற எதுவும் பண்ணல. சூடு மானியைத் திரும்பிக்கூடப் பார்க்கல, பேரல் மேல தண்ணி தெளிச்சுப் பார்த்தே சொன்னார். உப்பு, மிளகு, அரைச்ச குண்டு மிளகாய் தடவின ஆட்டுத்தொடை நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கத்தி தானா இறங்குச்சு. கோழி ரெண்டரை மணி நேரம், உள்ள 75 டிகிரி தாண்டினதும் எடுத்தோம். அதுல அப்பத்தா பரணோட வாசம் இருந்துச்சு.

சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு அந்த அண்ணன் இருமினார், ரொம்ப நேரம் இருமினார். 30 வருஷப் புகை. அவர் மூட்டம் போட்டு விக்கிற ஒரு மூட்டைக் கரியோட விலையை மகன்கிட்டச் சொன்னப்ப, மெட்ராஸ்ல ஒருநாள் பார்பிக்யூ சாப்பாட்டுக்கு அதைவிடக் கூட ஆகும்ப்பான்னான்.

"நம்ம கட்டையையும் பாக்கெட் போட்டு விக்கலாமே"ன்னு மகனுக்கு யோசனை. எனக்கு மனசு ஒப்பல. மரத்துக்கு விலை ஏறினா எவன் வேரைப் பிடுங்குவான்? 2017ல மதுரை ஐகோர்ட்டு இதை அகற்றச் சொல்லி, அப்புறம் தடை வந்து, 2022ல அரசாங்கமும் கொள்கை போட்டாச்சு. எங்க கண்மாயில அது இன்னும் நிக்குது. மேல வெட்டினா திரும்பத் துளிர்க்கும், தூரோட எடுக்கணும். ஜேசிபி வாடகை எங்க வருமானத்துக்கு எட்டாது.

கடைசியில இப்படி முடிவு பண்ணியிருக்கோம். தெற்கு வயல் ரெண்டு ஏக்கரையும் அந்த அண்ணன்கிட்டயே மூட்டத்துக்குக் கொடுக்கிறோம். வர்ற காசுல தூரைப் பிடுங்குறோம். அடுத்த புரட்டாசிக்குள்ள உழுதா, குண்டு மிளகாய் போட்டுடலாம். பேரலுக்கு ரெண்டு மூட்டைக் கரி மட்டும் எடுத்து வச்சுக்குவேன். அடுத்த பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்தீங்கன்னா வாங்க, கறி இருக்கும். வயல் வயலா இருந்தா அதையும் காட்டுறேன்.