முதல்நூல், வழிநூல், சார்புநூல்: அமிகா அபிமானிகளின் வாதப் பிரதிவாதங்கள்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்த பவணந்தி முனிவர், முன்னோர் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு வேண்டிய வேறுபாடுகளை மட்டும் கூட்டிச் செல்வது வழிநூல் என்றும், ஒருபுடை ஒத்து ஏனைய இடங்களில் திரிந்து நிற்பது சார்புநூல் என்றும் வகுத்தார். ஒரு நூல் இன்னதன் வழிவந்தது என்பதை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்னும் வினா புலவர்களை மட்டும் வருத்தியதன்று. 1985-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வெளியான அமிகா என்னும் கணினியின் இயங்குதளத்தைப் பற்றி, அதன் அபிமானிகள் நாற்பது ஆண்டுகளாக ஓயாது நடத்திவரும் சர்ச்சையின் உட்பொருளும் அதுவேயாம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இச்சர்ச்சை, மறைந்துபோன பொருளின்மேல் வைத்த பற்றினால் விளைந்த வீண் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும் அதன் சரித்திரத்தை அடியிலிருந்து ஆராயுமிடத்து, தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு தொழில்நுட்பத் தீர்மானமும், உடைமை பலமுறை கைமாறிய விபரீதமும் ஆகிய இரண்டுமே அதனை வளர்த்தன என்பது புலனாகும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

1982-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹை-டோரோ என்ற பெயரால் தொடங்கப்பெற்று, பின்னர் அமிகா கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறிய சிறு ஸ்தாபனத்தில், ஜே மைனர் என்னும் சில்லு வடிவமைப்பாளரின் வழிகாட்டுதலில் இவ்யந்திரம் உருவாயிற்று. பொருள் முடையினால் தத்தளித்த அந்த ஸ்தாபனத்தை 1984 ஆகஸ்டில் கொமடோர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் லிங்கன் சென்டரில் நடந்த அறிமுக விழாவில், ஓவியர் ஆண்டி வார்ஹால் பாடகி டெபி ஹாரியின் உருவத்தை மேடையிலேயே அக்கணினியைக் கொண்டு தீட்டிக் காட்டினார். அன்று வெளியான அமிகா 1000, மோட்டோரோலா 68000 என்னும் செயலியையும் 256 கிலோபைட் நினைவகத்தையும் கொண்டு 1,295 டாலர் விலைக்கு விற்கப்பட்டது. இவ்வளவு சிறிய நினைவகத்துக்குள் பல நிரல்களை ஒரே சமயத்தில் தடையின்றி ஓடச் செய்ததே அதன் இயங்குதளத்தின் பெருமையாகும்.

அவ்வியங்குதளம் ஒருவர் கைவண்ணம் அன்று. அதன் உயிர்நிலையாகிய எக்செக் என்னும் கெர்னலைக் கார்ல் சாசென்ராத் எழுதினார். திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் ஆளும் இன்ட்யூஷனை ஆர். ஜே. மைக்கல் எழுதினார். கோப்புகளை நிர்வகிக்கும் பகுதியோ, முதலில் இட்ட திட்டம் உரிய காலத்தில் நிறைவேறாமையால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெட்டாகாம்கோ நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ட்ரைபாஸ் என்னும் இயங்குதளத்தை ஒட்டி அமைந்த அப்பகுதி பி.சி.பி.எல். என்னும் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழி நினைவக முகவரிகளை நான்கால் வகுத்தே குறிப்பது. எக்செக்கோ அவற்றை உள்ளபடியே குறிப்பது. ஆகவே, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு முகவரியைக் கொண்டுபோகும் நிரலாசிரியன், நான்கால் பெருக்குவதையும் வகுப்பதையும் ஒரு நித்திய கர்மாவாகச் செய்ய வேண்டியவனானான். முதல்நூலே இரு நடையில் எழுதப்பட்டிருந்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

வேலியில்லாத தோட்டம்

எக்செக்கில் ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் செய்தி அனுப்பும் முறையை ஊன்றிக் கவனித்தல் அவசியம். அனுப்புவது செய்தியின் பிரதியை அன்று. அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே. கடிதத்தைப் படியெடுத்து அனுப்பாமல், ‘இன்ன அலமாரியில் இன்ன தட்டில் வைத்திருக்கிறேன், வந்து படித்துக்கொள்’ என்று சொல்லி விடுவது போன்றது அது. பெற்றுக்கொண்ட நிரல் அங்கேயே படித்து, வேலை முடிந்ததும் பதில் விடுக்கும். அதுவரை அனுப்பிய நிரல் அவ்விடத்தைத் தொடலாகாது. இவ்வேற்பாட்டைக் காக்கும் காவலன் எவனும் இல்லை. நிரலாசிரியர்களின் நன்னடத்தை ஒன்றே காவல். படியெடுக்கும் உழைப்பு மிச்சமானதனால் யந்திரம் அதிவேகமாக இயங்கியது. ஆனால் எந்த நிரலும் எந்த நிரலின் நினைவகத்திலும் எழுதலாம் என்ற நிலையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. ஏதேனும் ஒரு நிரல் தவறான இடத்தில் எழுதிவிட்டால் யந்திரம் முழுவதும் சாய்ந்துவிடும். திரையின் மேற்புறத்தில் மினுக்கும் சிவப்புக் கோட்டினுள் கறுப்புப் பெட்டி ஒன்று தோன்றி, ‘குரு மெடிடேஷன்’ என்ற தலைப்போடு இரு எண்களைக் காட்டும். அமிகா ஸ்தாபனம் தொடக்கத்தில் விளையாட்டுக் கருவிகளும் செய்துவந்தது. ஏறி நின்று ஆட்டும் பலகை ஒன்றின்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பொறியாளர்கள் இளைப்பாறிய வேடிக்கையிலிருந்து, குருவின் தியானம் என்னும் பொருளுடைய அப்பெயர் வந்தது.

இயங்குதளத்தை அமைத்தவர்கள் இக்குறையை அறியாதவர் அல்லர். பிற நிரல்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய நினைவகத்தைக் கேட்டுப் பெறும்போது, ‘இது பொது’ என்று குறிப்பதற்கு ஓர் அடையாளத்தை அவர்கள் அன்றே ஏற்படுத்தியிருந்தார்கள். பிற்காலத்தில் வேலி போடப்படுமாயின், எது பொதுநிலம், எது தனிநிலம் என்று பிரித்தறிய அது உதவும் என்பது கருத்து. ஆனால் அவ்வடையாளத்தை இடாமல் விட்டவனுக்கும் அன்றைய யந்திரத்தில் யாதொரு தண்டனையும் இல்லாமையால், பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாறே, மற்ற நிரல்களையெல்லாம் சற்று நேரம் நிறுத்திவைக்கும் ‘ஃபர்பிட்’ என்னும் கட்டளையையும், அருமையாகக் கையாள வேண்டிய இடம் போய், நினைத்தபோதெல்லாம் கையாண்டார்கள். பிற்காலத்துச் சர்ச்சைகளின் வித்து இவ்வலட்சியங்களிலேயே இருக்கிறது.

முதற்கட்ட வாதங்கள்

கொமடோர் உயிரோடிருந்த காலத்தில் அபிமானிகளின் வாதம் வெளிப்பகையை நோக்கியதாகவே இருந்தது. கொமடோரை நிறுவிய ஜாக் டிராமியல் 1984-ல் அதை விட்டு விலகி, அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கி, மறு ஆண்டில் எஸ்.டி. என்னும் கணினியை வெளியிட்டார். அமிகாவுக்கும் அதற்கும் செயலி ஒன்றே. எஸ்.டி.யின் சார்பினர் அதன் குறைந்த விலையையும், இசைக்கருவிகளை நேரே இணைக்கும் மிடி வசதியையும், கண்ணுக்கு இதமான கறுப்பு வெள்ளைத் திரையையும் எடுத்துரைத்தனர். அமிகா சார்பினர் வண்ணத்தையும், ஒலியையும், ஒரே சமயத்தில் பல வேலை செய்யும் திறனையும் முன்வைத்தனர்.

அக்காலத்திலேயே உள்வாதம் ஒன்றும் அரும்பியது. பி.சி.பி.எல். பகுதி எக்செக்குக்கு ஒவ்வாத ஒட்டு என்று கருதிய அபிமானிகள் சிலர் ஒன்றுகூடி, அதன் கட்டளைகளைத் தாமே சுருக்கமாகவும் விரைவாகவும் திருப்பி எழுதி, ஏ.ஆர்.பி. என்ற பெயரால் வெளியிட்டனர். உடைமையாளர் வெளியிட்ட பாடத்தைப் பயனர்களே திருத்தலாமா, அவ்வாறு திருத்தியது அமிகாவின் பகுதியாகுமா என்னும் வினா இங்கே முதன்முதலாகத் தலைகாட்டியது. 1990-ல் வெளியான இரண்டாம் பதிப்பில் கொமடோரே அப்பகுதியை வேறு மொழியில் புதிதாக எழுதிவிட்டமையால், திருத்தக்காரர்களின் கட்சிக்குப் பலம் சேர்ந்தது.

உடையவர் மாறிய காலம்

1994 ஏப்ரல் 29-ஆம் நாள் கொமடோர் தன் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் நிறையுமுன், ஜூன் 20-ஆம் நாள், ஜே மைனரும் காலமானார். மறு ஆண்டு ஜெர்மனியின் எஸ்காம் நிறுவனம் உடைமையைப் பெற்று, 1996-ல் தானும் நொடித்தது. 1997-ல் அமெரிக்காவின் கேட்வே 2000 அதனை வாங்கிற்று. அதன் கீழிருந்தவர்கள் 1998 நவம்பரில் புதிய அமிகா க்யூ.என்.எக்ஸ். என்னும் கெர்னலின்மேல் அமையும் என்று பிரகடனம் செய்து, எட்டு மாதங்களுக்குள் லினக்ஸ் கெர்னலின்மேல் அமையும் என்று மாற்றிச் சொல்லி, ஈற்றில் இரண்டையும் கைவிட்டார்கள். பிறகு உரிமை, அமிகா இன்க். எனப் பெயர்கொண்ட மற்றொரு சிறு ஸ்தாபனத்தின் கைக்குச் சென்றது.

இந்த ஐந்தாறு ஆண்டுகளில் வாதத்தின் இயல்பே மாறிவிட்டதைக் காண்கிறோம். ‘அமிகா சிறந்ததா, பிறிது சிறந்ததா’ என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, ‘அமிகா என்பது எது’ என்ற கேள்வி முன்வந்தது. க்யூ.என்.எக்ஸ். கெர்னலையோ லினக்ஸ் கெர்னலையோ அடியில் வைத்து அமிகா என்ற பெயரை மேலே எழுதினால் அது அமிகாவாகுமா? ஆகும் என்போர், பெயரும் பழகிய தோற்றமும் போதும் என்றனர். ஆகாது என்போர், எக்செக்கின் செய்திமுறை இல்லாதது வெறும் பெயர்ப்பலகை என்றனர்.

ஒரு பலகையில் இரு கெர்னல்கள்

கொள்கையளவில் இருந்த பிளவைக் காரியத்தில் கொண்டுவந்தது பவர்பிசி செயலியாகும். ஜெர்மனியின் ஃபேஸ் 5 நிறுவனம் 1997-ல் பழைய 68000 குடும்பச் செயலியையும் பவர்பிசி செயலியையும் ஒரே பலகையில் அமைத்து விற்றது. இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. வேலை ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுந்தோறும், ஒவ்வொன்றும் தன்னிடம் தற்காலிகமாகச் சேர்த்துவைத்ததை நினைவகத்தில் ஒப்புவித்துவிட்டே மாறவேண்டும்; அம்மாற்றம் மிக மெதுவானது. இதனைச் சமாளிக்க அந்நிறுவனம் பவர்அப் என்னும் கெர்னலைத் தந்தது. ஹாகே அண்ட் பார்ட்னர் என்னும் வேறொரு ஜெர்மன் நிறுவனம் வார்ப்ஓஎஸ் என்ற போட்டிக் கெர்னலை வெளியிட்டது. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. உடையவர் தீர்ப்புச் சொல்ல முன்வராத காலமாதலால், நிரலாசிரியர்களும் பயனர்களும் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். பின்வந்த பெரும்பிரிவுக்கு இதுவே ஒத்திகை.

மூன்று வழிகள்

1995-ல் தொடங்கிய அரோஸ், மூல நிரலைத் தொடாமல், அச்சில் வெளியான கைந்நூல்களை ஆதாரமாகக் கொண்டு அமிகா இயங்குதளத்தின் 3.1 பதிப்பை யாவர்க்கும் உரிய முறையில் புதிதாக எழுதுவதை இலட்சியமாகக் கொண்டது. பவர்அப் மரபினர் குவார்க் என்னும் புதிய கெர்னலை அடியில் வைத்து, அதன்மேல் ‘ஏ-பெட்டி’ என்ற கூட்டினுள் அமிகாவின் இயல்பைத் திரும்ப அமைத்து, மார்ஃபோஸை உருவாக்கினர். பெல்ஜியத்தின் ஹைபீரியன் நிறுவனமோ, 2001 நவம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 3.1-இன் மூல நிரலையே பவர்பிசிக்குப் பெயர்த்து நான்காம் பதிப்பை எழுதத் தொடங்கி, 2006 டிசம்பரில் நிறைவு செய்தது.

இம்மூவரின் கட்சியும் மூன்று பிரமாணங்களைச் சார்ந்தன. நான்காம் பதிப்பினர்க்கு வம்சமே பிரமாணம்: மூல நிரல் எவரிடம் வந்ததோ அவரே வாரிசு. மார்ஃபோஸ் அன்பர்க்கு நடத்தையே பிரமாணம்: பழைய நிரல் பழுதின்றி ஓடுமாயின், வம்சாவளி எதற்கு? அரோஸ் அன்பர்க்குச் சுதந்திரமே பிரமாணம்: பூட்டி வைக்கத்தக்க மூல நிரல் இன்னொரு முறை பூட்டப்படும். இவர்கள் மூவரையும் ஒதுக்கி, அக்னஸ், டெனிஸ், பாலா என்னும் ஆதிச் சில்லுகள் இல்லாதது அமிகாவே அன்று எனக் கூறும் நான்காம் கட்சியும் உண்டு. அச்சில்லுகளின் இயக்கத்தை முழுவதும் வேறொரு சில்லினுள் வடித்துக் காட்டிய மினிமிக் என்னும் முயற்சி 2005-ல் தோன்றியபோது, அக்கட்சியும் இரண்டாயிற்று.

வேலியைப் பற்றிய சர்ச்சை இவர்கள் அனைவர்க்கும் பொது. நினைவகப் பாதுகாப்பு இல்லாமல் இக்காலத்தில் ஓர் இயங்குதளம் இருத்தல் தகுமா என்று ஒருவர் கேட்பார். வேலி போட்டால், பொது அடையாளம் இடாத பழைய நிரல்களெல்லாம் மாண்டுபோகும் என்று மற்றவர் விடையிறுப்பார். பழையவற்றை ஒரு பெட்டியில் அடைத்து, புதியவற்றுக்கு வேலியுள்ள மற்றொரு பெட்டியைத் தருவது மார்ஃபோஸின் ஆதி உத்தேசம். இரண்டாம் பெட்டி பயனர் கைக்கு வந்தபாடில்லை. இன்டெல் செயலிக்கு மாறுதல் பற்றிய வாதமும், சாளரங்களை எழுதுவதற்கு எம்.யூ.ஐ. உகந்ததா, ரியாக்ஷன் உகந்ததா என்ற வாதமும் இவ்வகையினவே. விவகாரம் நியாயஸ்தலத்துக்கும் சென்றது: அமிகா இன்க். ஹைபீரியன்மேல் 2007-ல் தொடுத்த வழக்கு, 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் சமரசமாக முடிந்து, நான்காம் பதிப்பின் உரிமை ஹைபீரியனுக்கு உறுதியாயிற்று. ஆயினும் சட்டம் உரிமையைத் தீர்க்குமேயன்றி அடையாளத்தைத் தீர்க்காது என்பதற்குச் சான்றாக, அச்சமரசத்துக்குப் பின்னும் வாதம் தணியவில்லை.

முடிபு

இச்சரித்திரத்திலிருந்து பெறப்படுவன இரண்டு. முதலாவது, அபிமானிகளின் பேச்சு வீண்போகவில்லை. ஏ.ஆர்.பி. முதல் அரோஸ் வரை, உடையவர் செய்யாத பணியை அவர்களே செய்தார்கள். எது அடிப்படை, எது அலங்காரம் என்று ஓயாது வாதித்ததன் பயனாக, இயங்குதளத்தின் இலக்கணம் வரிவரியாகத் தெளிவாயிற்று. பகைக் கட்சி என்று கருதப்பட்ட அரோஸின் நிரல்களை மார்ஃபோஸ் சில இடங்களில் எடுத்தாண்டிருப்பதும் இதனாலேயே சாத்தியமாயிற்று. இரண்டாவது, வம்சம், நடத்தை, சுதந்திரம் என்னும் மூன்றில் எது ஒன்றும் தனித்து வழிநூலை நிர்ணயிக்கப் போதாது. முதல்நூலின் குறைகளையும் சேர்த்துச் சுமப்பதே வழிநூலின் இலக்கணமாக இங்கே அமைந்துவிட்டது.

இதனை ஒரு சிறு உண்மை காட்டும். ஆதி அமிகாவில் நிலையான முகவரி ஒன்றே ஒன்றுதான் உண்டு: நினைவகத்தின் நான்காம் இடம். எக்செக் எங்கே இருக்கிறது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். மற்றவற்றையெல்லாம் எக்செக்கைக் கேட்டே அறிந்துகொள்ள வேண்டும். இன்டெல் யந்திரங்களில் ஓடும் அரோஸ் அவ்வழக்கத்தை விட்டுவிட்டது. மார்ஃபோஸும் நான்காம் பதிப்பும், வேற்றுச் செயலியின்மேல், வேறுவேறு கெர்னல்களோடு அமைந்தபோதிலும், எக்செக்கின் முகவரியை இன்றும் அந்த நான்காம் இடத்திலேயே எழுதி வைக்கின்றன.